ரயில் நோட்டும் அருவிக் குளியலும்

எங்கள் அலுவலகத்தில் ரயில் நோட்டு என்று ஒன்று உண்டு. தென்காசியில் வேலை, அம்பாசமுத்திரம் பக்கம் வீடு என்று வாழ்கிற என் போன்றவர்களுக்காக முன்பிருந்த அதிகாரி ஒருவர் ஏற்படுத்தி வைத்தது. பத்து மணிக்கு மேல் வந்தாலோ, மாலையில் முன்னதாகக் கிளம்பினாலோ மாதத்துக்கு இரண்டே இரண்டு முறை ஒரு மணி நேரம் பெர்மிஷன் உண்டு. அதைத் தாண்டினால் தற்செயல் விடுப்பில் கை வைத்துவிடுவார்கள். ஆனால் ரயில் தாமதத்தால் பிந்தி வருகிறவர்கள் அந்த நோட்டில் தேதியையும், எத்தனை நிமிடம் தாமதம் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், பெர்மிஷன் குறையாது. சான்று எதுவும் வேண்டாம். "தினமும் ஸ்டேஷன் மாஸ்டர்ட்ட போய் லெட்டர் கேட்டுக்கிட்டு நிப்பீயளா? நீங்களே எழுதுங்க, நான் நம்புதேன்" என்று சொல்லிவிட்டு அந்த நல்ல மனிதர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் அப்படி நம்பியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் ரொம்ப நாள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

ரயிலில் வருகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். நான் ஒருவன். இரண்டாவது, பதிவறை அண்ணாச்சி. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று யாராவது சொன்னால், கையில் இருக்கிற கோப்பை அப்படியே வைத்துவிட்டுத் துண்டைத் தேடுகிற ஆள். மூன்றாவது, பொட்டல்புதூரிலிருந்து வருகிற தம்பி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம், புரொபேஷன் இன்னும் முடியவில்லை. நான்காவது, கடையத்தில் ஏறுகிற தங்கச்சி. உடன்பிறந்தவள் இல்லை, தபால் பிரிவில் எனக்கு அடுத்த மேசை. பன்னிரண்டு வருடமாக ஒரே பெட்டியில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து வந்தால் தங்கச்சி என்றுதான் வாயில் வரும்.

நோட்டில் அவள் எழுதுகிற விதமே எனக்கு எரிச்சலாக இருக்கும். ரயில் பிந்தி, அலுவலகத்துக்குள் நுழைந்தது பத்து மணி நான்கு நிமிடம் என்றால் 'நான்கு நிமிடம்' என்று எழுதுவாள். "ரவுண்டா அஞ்சுன்னு போடேன்" என்பேன். "நாலுதானண்ணே" என்பாள்.

என்னுடைய நியாயம் வேறு மாதிரி. பாவூர்சத்திரத்தில் கிராசிங்குக்காக எங்கள் ரயிலை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, எதிரே வருகிற வண்டியை ராஜமரியாதையோடு வழி அனுப்புகிறார்களே, அந்த நேரமெல்லாம் யாருடையது? என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக என் ஆயுளை அந்த ஸ்டேஷன் வேப்பமரத்தைப் பார்த்தே கழித்திருக்கிறேன். வெளிநாட்டில் எல்லாம் ரயில் பிந்தினால் பயணிக்கு நஷ்ட ஈடு கொடுக்கிறார்களாம். நமக்கு யார் கொடுப்பார்கள்? நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படி ஒரு நாள் ரயிலில் கைகளை ஆட்டிக்கொண்டு நான் பேசியபோது பதிவறை அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம்வே" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ரயில் இருபது நிமிடம் நிஜமாகவே பிந்தினால் நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்து நேரே குற்றாலம் போய்விடுவோம். சாரல் காலத்தில் காலை நேரத்து அருவியில் தலையைக் கொடுத்து நின்றால் உலகத்தில் யார் மேலும் கோபம் வராது, ரயில்வே மேல்கூட. பதினொரு மணிக்குத் திரும்பி வந்து நோட்டில் 'அறுபது நிமிடம்' என்று எழுதுவோம். இருபது நிஜம், நாற்பது நஷ்ட ஈடு. தங்கச்சி ஸ்டேஷனிலிருந்து நேரே அலுவலகத்துக்கு நடந்து போய்விடுவாள். ஒரு தடவைகூட எங்களைத் தடுத்ததில்லை. ஒரு தடவைகூட எங்களோடு சிரித்ததும் இல்லை. போகப்போக ரயில் பத்து நிமிடம் பிந்தினாலே போதும் என்றாகிவிட்டது. ஒரு நாள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டபோது, அண்ணாச்சி அதை ஏதோ நம்பிக்கைத் துரோகம் மாதிரிப் பேசிக்கொண்டே வந்தார்.

அந்த வருடம் புது அதிகாரி வந்திருந்தார். சேலத்துப் பக்கத்துப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது இளையவர். குற்றாலம், சாரல், சீசன் எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க ரயிலுக்குள்ள மழை பெய்யுங்களா?" என்று கேட்டார். என் தலையிலிருந்து நோட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்திருந்தது.

"ஜன்னல் சீட் மேடம்" என்றேன்.

"மூணு பேரும் ஜன்னல் சீட்டுங்களா?"

"ஆமா மேடம்" என்றார் அண்ணாச்சி, சற்றும் கூசாமல். அவர் மேலிருந்து மூலிகை எண்ணெய் வாசம் வந்துகொண்டிருந்தது. மேடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நம்பிவிட்டார் என்று நாங்கள் மூவரும் மகிழ்ந்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. தம்பியின் அண்ணன் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். வாடகைக்கு ஒரு கார் எடுத்து வைத்துக்கொண்டு, யாரையாவது எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். "ரயில எதுக்கு எதிர்பாக்கணும்? வீட்டுலயே வந்து ஏத்திக்கிடுதேன்" என்று விடிந்ததும் எங்களை ஒவ்வொருவராக வாசலில் வந்து அள்ளிக்கொண்டார். நேரே பழைய குற்றாலம். ஈரமாகிவிடக் கூடாது என்று போன்களை எல்லாம் பாலிதீன் பையில் கட்டிக் காருக்குள் போட்டோம். என்ன குளியல் அது! அண்ணாச்சியை இரண்டு முறை கையைப் பிடித்து வெளியே இழுத்தோம், இரண்டு முறையும் உள்ளே போய்விட்டார். வெளியே வந்து பஜ்ஜி, சுக்குக் காபி. தென்காசி வந்து சேரும்போது மணி பத்து ஐம்பது.

நான் முதலில் எழுதினேன்: ரயில் தாமதம், ஐம்பது நிமிடம். அண்ணாச்சி எழுதினார், அதே. தம்பி எழுதினான், அதே. பழக்கம்தான், கை தானாக எழுதிற்று. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தலையை உலர்த்திக்கொண்டிருந்தேன். பத்து ஐம்பத்தெட்டுக்குத் தங்கச்சி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். சேலைக் கரையெல்லாம் சகதி. நோட்டைத் திறந்தவள் எங்கள் மூன்று வரிகளையும் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து எழுதிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

ஏதோ சரியில்லை என்று தோன்றிப் போனைப் பையிலிருந்து எடுத்தேன். எங்கள் ரயில் பயணிகள் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தாறு செய்திகள். முதல் செய்தி காலை ஏழு மணிக்கே வந்திருந்தது: தண்டவாளத்தில் வேலை, இன்றைக்கு நம் வண்டி ரத்து. மற்ற முப்பத்தைந்தும் அதற்கான திட்டு.

ஓடாத ரயில் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்ததாக மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மெதுவாக எழுந்துபோய் நோட்டைப் பார்த்தேன். எங்கள் மூன்று வரிக்கும் கீழே அவளுடைய சின்னக் கையெழுத்து: 'ரயில் ரத்து. பஸ்ஸில் வந்தேன். ஐம்பத்தெட்டு நிமிடம்.' திருத்தலாமா என்று கைகூடத் துறுதுறுத்தது. அதற்குள் பியூன் நோட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

மாட்டிக்கொண்டோம் என்று உட்கார்ந்திருந்தேன். மேடம் கூப்பிட்டது எங்களை அல்ல, அவளை. மேடத்தின் அறைக்கும் என் மேசைக்கும் நடுவே பாதி உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் காதில் விழுந்தது.

"மூணு பேர் ரயில் லேட்டுன்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ரயிலே வரலைங்கறீங்க. என்னங்க இது?"

"வரலை மேடம். பஸ்ஸுலதான் வந்தேன். டிக்கெட் இருக்கு."

"டிக்கெட் நீங்க பஸ்ல வந்ததைத்தானே காட்டுது? ரயிலை விட்டுட்டுக்கூட பஸ் ஏறியிருக்கலாமுல்ல?"

நியாயமான கேள்விதான். மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் நான்காவது ஆள் சொல்வது பொய்யாகத்தானே தெரியும்? அதிலும் மூவரில் ஒருவர் தலை நரைத்தவர். "ஸ்டேஷனுக்கு ஒரு போன்..." என்று தங்கச்சி ஆரம்பித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"அப்ப இதை நோட்டுல சேர்க்க முடியாதுங்க. பெர்மிஷன்ல கழிச்சுக்கறேன். இந்த மாசம் உங்களுக்கு இது ரெண்டாவது."

வெளியே வந்து உட்கார்ந்தவள் தபால்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். ஒரே கட்டைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள். அந்த இரண்டாவது பெர்மிஷனை அவள் எதற்காக வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே கால் சரியில்லை. ஆய்க்குடியில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பருக்கு அளவு எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல்முறை மாட்டி நடக்கவைத்துப் பார்ப்பார்கள். எந்த வாரை எப்படி இறுக்குவது என்று அம்மாவுக்குத்தான் சொல்லித் தருவார்களாம், அதனால் அவள் வந்தே ஆக வேண்டும். விடுப்பெல்லாம் மகளின் ஆபரேஷனோடு தீர்ந்துபோயிருந்தது. ஒரு மாதமாக ரயிலில் இதையேதான் பேசிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் பழைய குற்றாலத்தில் தலையில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை ரயில் ஓடியது. கடையத்தில் ஏறி வழக்கம்போல் என் எதிரே உட்கார்ந்தாள். வழக்கம்போல் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு மிளகாய்ப்பொடி இட்லி நீட்டினாள். நான் என் இட்லியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொல்லியிருக்கலாம்லா? ஏன் பாதில நிறுத்திட்டே?" என்றேன்.

"போட்டா நீங்க மூணு பேரும் மாட்டுவீயளே."

"மாட்டட்டுமே. தப்பு எங்க மேலதான?"

"மாட்டிவிட்டுட்டு நாளைக்கு இதே சீட்டுல உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிண்ணே உக்காருவேன்? இன்னும் பதினஞ்சு வருசம் சர்வீஸ் கெடக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை இல்லைன்னா அடுத்த முறை இன்னும் ஆறு வாரம் கழிச்சுத்தானாம். பிள்ளைட்ட எப்படிச் சொல்லதுன்னுதான் தெரியலை. புதுக் கவுனு எல்லாம் எடுத்து வச்சிருக்கா."

என்னைப் போட்டு அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ரயில் பாவூர்சத்திரத்தில் கிராசிங்குக்கு நின்றது. வேப்பமரம் அங்கேயே இருந்தது.

"நான் போய்ச் சொல்லிருதேன் சார்" என்றான் தம்பி திடீரென்று. "எங்க அண்ணன் காருதான."

"பேசாம இரிலே. ஒனக்குப் புரொபேஷன் கெடக்கு" என்று அதட்டினார் அண்ணாச்சி. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு எட்டு மாசந்தான். என்னைய என்ன செஞ்சிருவாவ? நான் மொதல்ல போறேன்" என்றார்.

"நஷ்ட ஈடுன்னு ஆரம்பிச்சது நான். நான்தான் மொதல்ல" என்றேன். யார் முதலில் போய் அவமானப்படுவது என்று மூன்று பேரும் சண்டை போட்டதைப் பார்த்து, பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, ஏதோ பதவி உயர்வு விஷயம் என்றே நினைத்திருப்பார்.

கொடுமையைப் பாருங்கள், அன்றைக்கு ரயில் நிஜமாகவே பிந்தியது. பத்து மணி பதினாறு நிமிடத்துக்கு உள்ளே நுழைந்தோம். நான்கு பேரும் வரிசையாகப் 'பதினாறு' என்று எழுதினோம். அந்த நோட்டில் நான் ரவுண்டாக எழுதாத முதல் எண் அது. எழுதி முடித்து, நாங்கள் மூவரும் மேடத்தின் மேசை முன்னால் போய் நின்றோம். கடைசியில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். ரயில், ரத்து, கார், அருவி, துபாய், பஜ்ஜி என்று எல்லாம் கலந்து விழுந்தது. மேடம் கையை உயர்த்தினார்.

"அப்ப நேத்து அவங்க எழுதினது நிஜங்களா?"

"ஆமா மேடம். எங்க மூணும் பொய்."

மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, ஜூன் மாதத்துப் பக்கத்துக்குப் போனார்.

"இது?"

"குளியல் மேடம்."

"இது?"

"அது நிஜம் மேடம். சத்தியமா. ரவணசமுத்திரம் தாண்டி மரம் விழுந்து கெடந்துச்சு."

"இது? அறுபது."

"இருபது நிஜம், நாப்பது ஐந்தருவி."

"இது?"

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "இது புலியருவி மேடம். அன்னைக்கு மெயின் அருவில குளிக்க விடல" என்றார், அது ஒரு தனி நியாயம் என்பதுபோல.

பக்கம் பக்கமாகச் சிவப்பு ஏறியது. நடுநடுவே சுழிக்கப்படாமல் சுத்தமாக நின்றன சில வரிகள்: நான்கு, ஏழு, பதினொன்று, மூன்று. எல்லாம் ஒரே சின்னக் கையெழுத்து. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் காது சூடாகியது. வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"இந்த நோட்டே இனி வேண்டாங்க" என்று மூடினார் மேடம்.

அதுதான் நான் பயந்தது. "மேடம், எங்களுக்கு வேண்டாம். லீவைக் கழிச்சுக்கோங்க, என்ன வேணாலும் செய்யுங்க. ஆனா நோட்டை மட்டும் எடுத்துராதீங்க. நாங்க திருடுனதுக்கு அந்தத் தங்கச்சி ஏன் மேடம் அபராதம் கட்டணும்?" என்றேன். வெள்ளிக்கிழமையையும், ஆய்க்குடியையும், புதுக் கவுனையும் சொன்னேன். மேடம் பேனாவை மூடினார். தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"உங்க பெர்மிஷனை நான் கழிக்கலைங்க. நாளைக்கு நாலு மணிக்கே கிளம்புங்க. இன்னொண்ணு, இனி இந்த நோட்டு உங்க மேசையில இருக்கும். நாலு பேருக்கும் நீங்கதான் எழுதணும். இவங்க யாரும் பேனாவைத் தொடக்கூடாது."

மூன்று பேருக்கும் சேர்த்து நிறைய விடுப்பு போயிற்று. எழுத்து மூலம் எச்சரிக்கை, அண்ணாச்சிக்கும் எனக்கும். தம்பியை வாயால் கண்டித்ததோடு விட்டுவிட்டார். அண்ணாச்சி தன் கடிதத்தைப் படித்துவிட்டு, "முப்பத்தி ரெண்டு வருசத்துல இதுதான்வே மொத மெமோ. சும்மா சொல்லப்படாது, இங்கிலீஷ் நல்லா இருக்கு" என்றார்.

டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டபோது ஒரு நாள் தங்கச்சி மகளோடு ரயில் ஏறினாள். தென்காசி ஸ்டேஷன் வாசலில் அவள் கணவர் ஆட்டோவோடு காத்திருந்து, பிள்ளையை ஆய்க்குடிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் இரண்டாவது பிளாட்பாரத்தில் நின்றது. மேம்பாலம் ஏற வேண்டும். தூக்கலாம் என்று நான் குனிந்தேன்.

"யாரும் தூக்கப்படாது" என்றாள் அந்தப் பிள்ளை. "நானே ஏறுதேன்."

ஏறினாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒரு கால், பிறகு காலிப்பர் மாட்டிய கால், 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு கொஞ்சம் நின்று மூச்சு. அவளுக்கு ஒரு படி கீழே அவள் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் தம்பி, அண்ணாச்சி, நான். மற்றவர்கள் எங்களை ஒதுக்கித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி படிகளை எண்ணிக்கொண்டே வந்தார். உச்சிக்குப் போனதும் அந்தப் பிள்ளை திரும்பி எங்களை மேலிருந்து கீழே பார்த்தாள். "எல்லாரும் மெதுவா வாரீய" என்றாள்.

அலுவலகத்துக்குள் நுழையும்போது பத்து பன்னிரண்டு. தங்கச்சி வழக்கம்போல் மேசைக்குள்ளிருந்து ரயில் நோட்டை எடுத்தாள். எடுத்ததை அப்படியே உள்ளே வைத்துவிட்டாள். எனக்குப் புரிந்தது, ரயில்தான் பிந்தவில்லையே. அந்த மாதத்து ஒரு பெர்மிஷனை நான் அருவிக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழையில் ஐந்தருவி பிய்த்துக்கொண்டு விழுந்துகொண்டிருந்தது. பெர்மிஷன் தாளை எடுத்துப் பெயரையும் தேதியையும் எழுதினேன்.

வராந்தாவில் வந்த மேடம் நின்றார். "ரயில் லேட்டுங்களா?"

"இல்ல மேடம். கரெக்டா வந்துட்டு" என்றார் அண்ணாச்சி.

மேடம் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தன. தன் அறைக்குப் போய்விட்டார். தாளில் காரணம் எழுதும் இடம் பாக்கி இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடத்துக்கு என்னென்னவோ யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவே இல்லை. 'ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. நான்தான் மெதுவாக வந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.